நாலேகால் அங்குலம்

பிளீச்சிங் பவுடர் வாசனைதான் முதலில் வந்தது. பிறகுதான் வாளியும், துடைப்பானும், அதைத் தள்ளிக்கொண்டு வந்த பெண்ணும்.

சென்னையில் ஒரு விடுதியின் மூன்றாம் தளம். மூடிய கதவுக்கு அந்தப் பக்கம் ஆஸ்பத்திரிச் சாமான்கள் விற்கிறவர்களும் வாங்குகிறவர்களுமாக நூறு பேர். எல்லோர் கழுத்திலும் பெயர் எழுதிய அட்டை. தொழிலில் தொடர்புகளை வளர்த்துக்கொள்வது எப்படி என்று மேடையில் ஒருவர் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். அரைமணி நேரத்தில் இருபது பேருக்குக் கை கொடுக்க வேண்டும், இருபது விசிட்டிங் கார்டு வாங்க வேண்டும். அதுதான் பயிற்சி. பதினேழு வாங்கியிருந்தேன். மேல்மூச்சு வாங்குவதுபோல் இருந்ததால் வெளியே வந்தேன். வந்த இடத்தில் அந்த வாசனை.

ஈரத் தரை காய்கிற வரைக்கும் அங்கேயே நின்றேன். எனக்கு மறுபடி இருபது வயதாகிவிட்டது. கண்ணெதிரே இராஜபாளையம். மூங்கில் கொடிகளில் வெள்ளைத் துணி காற்றில் வயிறு புடைத்து ஆடுகிறது. துணிக்குப் பின்னால் மலை தெரிகிறது, மறைகிறது, தெரிகிறது.

காயத்துக்குக் கட்டும் துணி செய்கிற சின்னக் கம்பெனி அது. தறியிலிருந்து பழுப்பாக வருவதைத் தொட்டியில் போட்டு வெளுப்பார்கள், அலசுவார்கள், முற்றத்தில் காயப்போடுவார்கள், பிறகு வெட்டிச் சுருட்டிக் கட்டுவார்கள். வெளுப்புத் தொட்டியின் வாசனை என் சடையில் இருக்கும். டிபன் பாக்ஸைத் திறந்தால் தயிர்ச்சோற்றிலும் இருக்கும். டவுன் பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிற பெண்கள், "ஏட்டி, ஆஸ்பத்திரியிலயா வேல பாக்க?" என்று கேட்பார்கள். விளக்கம் சொல்ல அலுத்துப்போய் ஆமாம் என்று சொல்லிவிடுவேன். எண்பதுகளின் கடைசி வருடங்கள். நான் அங்கே டைப்பிஸ்ட்.

முதலாளியின் வியாபாரம் முழுவதும் அவர் கால்களில் இருந்தது. வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், சின்னப் பெண்களை 'அம்மாயி' என்றுதான் கூப்பிடுவார். வெளியில் யாரோடும் எந்தப் பேச்சும் பேசுவார். மாதம் ஒரு சுற்று புறப்பட்டு, சங்கரன்கோவிலிலிருந்து மதுரை வரைக்கும் ஒவ்வொரு ஆஸ்பத்திரி ஸ்டோரிலும் போய் உட்கார்ந்து, காபி குடித்து, மகள் கல்யாணம் முதல் மாட்டுக்கு வந்த காய்ச்சல் வரை கேட்டுவிட்டு வருவார். ஆர்டர் தானாக வரும். ஒரு நாள் ஸ்கூட்டர் சறுக்கி இடுப்பில் அடி. எழுந்து நடக்கவே மாசக்கணக்காகும் என்றார்கள். ஆபீஸின் பின்னறையில் கட்டில் போட்டுப் படுத்தார். போனைத் தன் தலைமாட்டுக்கு இழுத்துக்கொண்டார். கையெழுத்து முத்திரையை என்னிடம் கொடுத்தார்.

"இந்தாம்மா, அம்மாயி. நான் போயி உக்காந்து பேசுறத இனிமே நீ காயிதத்துல பேசு."

அன்றிலிருந்து அவர் பெயரில் நான் பேசினேன். எந்தக் கடிதத்திலும் என் பெயர் கிடையாது. 'மதிப்பிற்குரிய ஐயா' என்று தொடங்குவேன், சரக்கு விவரம், வணக்கம், முத்திரை. நாற்பது ஊர்களுக்கு ஒரே கடிதம். காபி இல்லாத கடிதம் என்று எனக்கே தெரிந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. பஸ்ஸில் ஏறினால் அரைமணி. அங்கிருந்து ஒரு சித்திரை மாதம் ஒரு தபால் வந்தது. எழுதியவர் பெயர் இல்லை; டாக்டரின் முத்திரைக்கு மேலே, சாய்வான, நெருக்கமான கையெழுத்து.

'உறையில் நாலு அங்குலம் என்று போட்டிருக்கிறீர்கள். நான் ஸ்கேல் வைத்து அளந்தேன். மூன்றேமுக்கால். ஒன்றிரண்டு என்றால் விட்டுவிடலாம், பிரித்த எல்லாமே அப்படி. காலுக்குக் கட்டுப் போடும்போது சுற்று போதாமல் நர்ஸ் பிள்ளைகள் இன்னொரு சுருளைப் பிரிக்கிறார்கள். இது தெரிந்து நடக்கிறதா, தெரியாமல் நடக்கிறதா?'

கட்டுகிற இடத்துக்குப் போய் நானும் ஸ்கேல் வைத்து அளந்தேன். மூன்றேமுக்கால்தான். துணியை நாலு அங்குலத்துக்குத்தான் அளந்து வெட்டுகிறார்கள். ஆனால் சரியாகக் காயாததை இழுத்துப் பிடித்து வெட்டுவதால், காய்ந்த பிறகு அது சுருங்கிவிடுகிறது. வெட்டுகிற அக்காவிடம் கேட்டேன். "வருசம் பூராவும் அப்படித்தானட்டி வெட்டுதோம். ஆஸ்பத்திரியில ஸ்கேல் வச்சுக்கிட்டா நிக்கான்?" என்றாள்.

ஒருவன் நிற்கிறானே.

அன்றைக்கு டைப் அடிக்கவில்லை. கையால் எழுதினேன். தெரிந்துதான் நடக்கிறது, இங்கே யாரும் அதைக் குற்றமாக நினைத்ததில்லை, இனிமேல் உங்களுக்கு அனுப்புவதை நாலேகால் அங்குலத்துக்கு வெட்டச் சொல்கிறேன், காய்ந்தால் நாலு நிற்கும். முத்திரை குத்தினேன். குத்திய பிறகுதான் பயம் வந்தது. முதலாளி பெயரில் அல்லவா ஒத்துக்கொண்டிருக்கிறேன்.

நாலாம் நாள் பதில். 'ஐயா, தப்பு எங்கள் பேரில் என்று எழுதிய கம்பெனியை இப்போதுதான் பார்க்கிறேன். அடுத்த மாதத்து ஆர்டர் இத்துடன்.' முதலாளியிடம் காட்டினேன். இரண்டு தடவை வாசித்துவிட்டு, கூரையைப் பார்த்துக்கொண்டு, "சரி, கால் அங்குலம் போகட்டும் அம்மாயி. எல்லாருக்குமே வெட்டச் சொல்லு" என்றார்.

அப்படித்தான் தொடங்கியது. மாதம் ஒரு ஆர்டர், மாதம் ஒரு பதில். பிறகு மாதம் இரண்டு, மூன்று. அவர் எழுதுவார்: இந்தப் பக்கம் பட்டாசு வேலைக்குப் போகிறவர்கள் அதிகம், தீக்காயத்துக்கு வைக்கும் துணியில் வெட்டு ஓரத்து நூல் பிரிந்து புண்ணில் ஒட்டிக்கொள்கிறது, மறுநாள் எடுக்கும்போது அந்த அலறலை ஸ்டோர் ரூமில் உட்கார்ந்து கேட்க முடியவில்லை. நான் மடிக்கிற பெண்களோடு தரையில் உட்கார்ந்து, ஓரம் உள்ளே போகிற மாதிரி மடித்துப் பார்த்தேன். பத்துத் தடவை கோணிப்போனது. பதினோராவதை உறையில் வைத்து அனுப்பினேன். 'இது போதும். நேற்று அலறல் இல்லை' என்று ஒரே வரியில் பதில் வந்தது. அந்த வரியை எத்தனை முறை எடுத்துப் பார்த்திருப்பேன்.

கடிதத்தின் அடியில் சரக்குக்குச் சம்பந்தமில்லாத ஒரு வரி சேர ஆரம்பித்தது. 'மலைப்பக்கம் கறுத்திருக்கிறது. இந்தக் கடிதத்துக்கு முன்னால் மழை உங்களிடம் வந்துவிடும்' என்று நான் எழுதுவேன். 'வந்துவிட்டது. கொடியில் கிடந்தது எல்லாம் நனைந்தது. கடிதத்தை முன்னால் அனுப்பக் கூடாதா?' என்று அங்கிருந்து வரும். டைப்ரைட்டருக்கு முன்னால் தனியாகச் சிரிக்கிற என்னை, துணி கட்டுகிற அக்காமார் ஒரு மாதிரி பார்த்தார்கள்.

எனக்குள் அவருக்கு ஓர் உருவம் இருந்தது. ஐம்பத்தைந்து வயது. முன்வழுக்கை. காதில் பென்சில். வெற்றிலை போடுவார். மகள்கள் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த அலறல் இப்படிக் கேட்காது.

தீபாவளிக்கு ஸ்டோர்க்காரர்களுக்கு வேட்டி துண்டு கொடுப்பது கம்பெனி வழக்கம். மற்றவர்களுக்குச் சாதாரணம். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மட்டும் நல்ல கரை பார்த்து எடுத்தேன். முதலாளி இடுப்பு வலியால் வரமுடியவில்லை என்பதை, யாருக்கு என்று சொல்லாமல், 'இடுப்பு வலி, நேரில் வர இயலவில்லை' என்று எழுதினேன். பதினைந்து நாளில் ஒரு பார்சல். இடுப்பில் கட்டும் பெல்ட். ஆறடி ஆளுக்கு உரியது. 'ஐயா, இதைக் கட்டிக்கொண்டு செத்த நேரம் நடங்கள். உடம்பை அலட்சியமாக விடாதீர்கள்.'

முதலாளிக்கே அது இரண்டு சுற்று வந்தது.

அடுத்த வருடம் ஐப்பசியில் வானம் மூடியது, மூடியதுதான். பன்னிரண்டு நாள். முற்றத்துக் கொடிகளில் துணி காயவில்லை. அறைக்குள் கயிறு கட்டிப் போட்டோம், ஃபேன் போட்டோம், கரண்ட் போனது. துணியில் பூஞ்சை வாடை ஏறியது. விரித்துப் பார்த்தால் அங்கங்கே மிளகைத் தூவியதுபோல் சாம்பல் புள்ளி. தீபாவளிக்கு மூன்று நாள் இருந்தது. தீக்காயங்களின் தீபாவளி. எல்லா ஆஸ்பத்திரியும் சரக்கு கேட்டுக்கொண்டிருந்தது.

இன்னும் இடுப்பு சரியாகாத முதலாளி கட்டிலில் இருந்தபடியே பங்கு பிரித்தார். நல்ல சரக்கு மதுரைக்கு, அவர்கள் பிரித்துப் பார்ப்பார்கள். மற்றது?

"ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அனுப்பு."

"அய்யா, அது வாடை அடிக்குது."

"அவுக எப்படியும் கிருமி சாக ஆவியில வச்சு எடுத்துத்தான போடுவாக. அந்த ஸ்டோர்க்காரரு நம்ம மனுசரும்மா. ஒண்ணும் சொல்லமாட்டாரு." பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். பாராட்டுகிற சிரிப்பு. "நீதான பழக்கம் புடிச்சு வச்ச. இந்த மாதிரி நேரத்துக்குத்தான் பழக்கம்."

கொடூரமானவர் இல்லை அவர். முப்பது பேருக்கு வேலை கொடுத்துவிட்டு மழையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்த மனிதர். ஆனால் பழக்கம் என்றாரே. ஒன்றரை வருடமாக நான் மழையை எழுதியதும், ஓரம் மடித்ததும், கரை பார்த்து வேட்டி எடுத்ததும் இந்த மூட்டைக்காகத்தானா? எனக்குத் தெரியாமலே இதற்காகத்தான் செய்துகொண்டிருந்தேனா? இன்றும் யாராவது "அவர் நமக்கு வேண்டியவர்" என்று சொல்லும்போது அந்த ஐப்பசிக் குளிர் முதுகில் ஏறுகிறது.

மூட்டை காலையில் லாரியில் போய்விட்டது. போன் முதலாளியின் தலைமாட்டில். அந்த ஆஸ்பத்திரியின் போன் டாக்டரின் மேஜையில். தபால் போய்ச் சேர இரண்டு நாள். ஆண்டாளைக் கும்பிட்டுவிட்டு வருகிறேன் என்று அரைநாள் லீவு கேட்டேன். "எனக்கும் சேத்துக் கும்பிடு" என்றார் முதலாளி. பஸ் ஜன்னலில் கோபுரம் தெரிந்தபோது கையைக் கூப்பி, பொய்க்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். இறங்கியது ஆஸ்பத்திரி நிறுத்தத்தில்.

ஸ்டோர் பின்கட்டில், படிக்கட்டுக்கு அடியில். வாசலில் எங்கள் மூட்டை, கட்டுக்கூடப் பிரிக்காமல். உள்ளே தலையில் முக்காடு போட்ட ஒரு பெண் ஊசி மருந்துப் பெட்டிகளை எண்ணி அடுக்கிக்கொண்டிருந்தாள். முப்பது வயது இருக்கும்.

"ஸ்டோர் அய்யாவப் பாக்கணும்."

"எந்த அய்யா?"

"இங்க ஸ்டோர் பாக்கிறவுக. வயசானவுக. இராஜபாளையம் கம்பெனிக்கு லெட்டர் போடுவாகளே..."

பெட்டியைக் கீழே வைத்தாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீ யாரு?"

"அந்தக் கம்பெனியிலிருந்துதான் வாரேன். நான்தான் லெட்டர் எழுதுவேன்."

"நீயா?" அவள் குரல் கீச்சென்று ஏறியது. "இடுப்பு வலின்னு எழுதுனது நீயா?"

"இல்ல, அது முதலாளிக்கு..."

"யா அல்லாஹ்! நான் ஒன்னய ஆறடிக் கெழவன்னுல்ல நெனச்சுக்கிட்டிருந்தேன். தொந்தியும் கிந்தியுமா." வாயைப் பொத்திக்கொண்டாள். "கெழவனாச்சேன்னு மரியாதையா ஐயா ஐயான்னு எழுதுவேனே, அம்புட்டும் வீணாப் போச்சே!"

"நான் ஒங்களுக்கு வேட்டி அனுப்புனேனேக்கா."

"அதக் கேளு. என்னப் பெத்த அத்தா அத மூட்டித் தச்சு பெருநாளைக்குக் கட்டிக்கிட்டாக. கரை நல்லாருக்கு, எந்தக் கம்பெனிக்காரன் குடுத்தான்னு தெருவெல்லாம் கேட்டாகளாம். ஒரு கம்பெனிக்காரி குடுத்தாள்னு போயிச் சொல்லுதேன்!"

இருவரும் படிக்கட்டுக்கு அடியில் தலை இடிக்க இடிக்கச் சிரித்தோம். ஒரு நர்ஸ் எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். சிரித்து முடிகிற இடத்தில் என் கண் மூட்டையின் மேல் போனது. அவளும் பார்த்தாள்.

"சும்மா பாக்க வரல, அப்படித்தான?"

சொன்னேன். மழை, வாடை, புள்ளி. முதலாளி சொன்னதையும் ஒரு சொல் விடாமல் சொன்னேன், நம்ம மனுசர் என்றது உட்பட.

அவள் சாக்கைப் பிரித்து, ஒரு சுருளை எடுத்து, மூக்கில் வைத்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். சுருளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"எந்தக் கம்பெனி பார்சல் வந்தாலும் பிரிச்சு அளந்து பாத்துத்தான் எடுப்பேன். ஒங்க பார்சல நான் பிரிக்கிறதில்லட்டி. ஒரு வருசமாப் பிரிக்கல. நேரா வார்டுக்கு ஏத்திருவேன்." சுருளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நீ ஒரு மணி நேரம் தாமசிச்சிருந்தா இது மேல போயிருக்கும்."

மேலே, இரண்டாம் மாடியில், யாரோ ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது. வேறெதற்காகவோ அழுதிருக்கலாம்.

என்ன செய்வது என்பதை அவள்தான் முடிவு செய்தாள். நான் வந்தது யாருக்கும் தெரியக் கூடாது. தெரிந்தால் என் வேலை போகும். எனவே அவள் புகார் எழுதுவாள், தானே பிரித்துப் பார்த்துக் கண்டுபிடித்ததாக. என் முன்னாலேயே எழுதினாள். 'மதிப்பிற்குரிய ஐயா.' பேனா அங்கே நின்றது. என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றாள், முடியவில்லை. அடியில் மழையைப் பற்றி எந்த வரியும் இல்லாத கடிதம். "டாக்டர் இத வாசிச்சா பொறவு ஒங்க கம்பெனிப் பக்கமே திரும்ப மாட்டாரு" என்றாள். "தெரியும்க்கா" என்றேன். தெரிந்துதான் இருவரும் அங்கே உட்கார்ந்திருந்தோம். ஆனாலும் ஒரு டாக்டரின் கோபம் எத்தனை மாதம் இருக்கும், தை பிறந்தால் ஆறிவிடாதா என்று இருவருமே நம்பினோம் என்று நினைக்கிறேன்.

ஆறவில்லை. மூட்டை திரும்பி வந்தது, கூடவே டாக்டரின் இரண்டு வரி. முதலாளி வாசித்துவிட்டு, "நம்ம மனுசருன்னு நெனச்சேனே" என்றார். அவர் குரலில் உண்மையாகவே வருத்தம் இருந்தது. அந்த ஊருக்கு இனி இங்கிருந்து ஒரு காயிதம் போகக் கூடாது என்றார். தனியாக எழுதலாம்தான். ஆனால் அங்கே வருகிற தபாலெல்லாம் டாக்டரின் மேஜையில்தான் பிரிக்கப்படும் என்று அவள் சொல்லியிருந்தாள். என்னிடமிருந்து ஒரு கடிதம் போனால் அந்தப் புகாரின் கதை வெளியே வரும், அவள் நாற்காலி ஆடும். பொறுத்திருந்தேன். தை வந்தது, சித்திரை வந்தது. மழை மலையிலிருந்து இறங்கி அவள் ஊருக்குப் போவதை ஆபீஸ் ஜன்னலில் நின்று பார்த்தேன். பார்ப்பதைத் தவிர அதோடு அனுப்ப என்னிடம் ஒன்றும் இல்லை.

மறு ஐப்பசியில் பொறுக்க முடியாமல் நேரிலேயே போனேன். படிக்கட்டுக்கு அடியில் வேறொருவர். முன்வழுக்கை, காதில் பென்சில். நான் ஒன்றரை வருடம் மனசுக்குள் வரைந்து வைத்திருந்த ஆள் அப்படியே வந்து உட்கார்ந்திருந்தார். "முன்னால இருந்தவுகளா? நான் புதுசும்மா" என்றார். ஒரு நர்ஸ் மட்டும், "அவிய குடும்பத்தோட வெளியூரு போயிட்டாகளே" என்றாள். எந்த ஊர் என்று அவளுக்குத் தெரியவில்லை. போனவளுடைய பெயரைக் கேட்க வாய் வரைக்கும் வந்தது. பெயர்கூடத் தெரியாமலா தேடி வந்தாய் என்று நர்ஸ் கேட்டுவிடுவாளோ என்ற கூச்சத்தில் திரும்பிவிட்டேன். இருபத்தொரு வயதுக் கூச்சம். அதை நினைத்து இன்றைக்கும் என்னை நானே திட்டிக்கொள்கிறேன்.

அதன் பிறகு மருத்துவப் பொருள் விற்கிற வேலையிலேயே ஊர் ஊராகப் போனேன். எந்த ஆஸ்பத்திரி ஸ்டோருக்குள் நுழைந்தாலும் முக்காடு போட்ட தலையைத் தேடுவேன். சாய்வான, நெருக்கமான கையெழுத்தில் ஒரு ஆர்டர் வந்தால் விரல் நின்றுவிடும். யார் கேட்டாலும் சரக்கின் குறையை முதலில் சொல்லிவிட்டுத்தான் விலை பேசுவேன். அதனால் போன ஆர்டர்கள் உண்டு. வந்த மனிதர்கள் அதைவிட அதிகம். அவர்களில் சிலர் பார்சலைப் பிரிக்காமலே எடுத்துக்கொள்வார்கள். அப்படி ஒருவர் எடுத்துக்கொண்டார் என்று கேள்விப்படும்போதெல்லாம் எனக்குப் பெருமை வருவதில்லை. ஓடிப்போய் இன்னொரு முறை அளக்கத் தோன்றுகிறது.

கதவு திறந்து யாரோ கூப்பிட்டார்கள். இன்னும் மூன்று கார்டு பாக்கி என்றார்கள். வருகிறேன் என்று தலையசைத்துவிட்டு, நான், அவள் புகார் எழுதி முடித்த அந்த மாலையிலேயே இருந்தேன்.

தூறிக்கொண்டிருந்தது. அவள் குடையை எடுத்துக்கொண்டு பஸ் நிலையம் வரை கூடவே வந்தாள். குடை சின்னது, என் வலது தோளும் அவள் இடது தோளும் நனைந்தன. டீ வாங்கிக் கொடுத்தாள். கடைசி வரைக்கும் மூட்டையைப் பற்றிப் பேசவில்லை. அத்தா அந்த வேட்டியைத் துவைத்தால் தானேதான் நீலம் போடுவார், யாரையும் தொட விடமாட்டார் என்று சொன்னாள். முதலாளி அந்த பெல்ட்டைக் கட்டிக்கொண்டு நடந்து காட்டியதை நான் செய்து காட்டினேன். டீ சிந்தச் சிரித்தாள். ஒருத்தியை ஒருத்தி அக்கா என்றும் ஏட்டி என்றும் கூப்பிட்டுக்கொண்டிருந்தோம். ஒன்றரை வருடம் பழகியவர்களுக்கு வேறென்ன வேண்டும்.

இராஜபாளையம் பஸ் உறுமிக்கொண்டு வந்தது. கூட்டம். முண்டியடித்து ஏறி, ஜன்னலோரம் ஒரு பெண்மணியின் மடிக்கு மேலாகத் தலையை நீட்டினேன். பஸ் நகர்ந்துவிட்டது. அவள் குடையை மடக்காமல், முக்காடு சரிய, பக்கவாட்டில் ஓடி வந்தாள்.

"ஏட்டி! ஒம் பேரக் கேக்கவே இல்லையே நான்!"

கண்டக்டர் விசில் அடித்தார். அந்த இரைச்சலில் பெயர் எடுபடாது என்று தோன்றியது. கையை வாய்க்கு அணைகட்டிக் கத்தினேன்.

"அடுத்த லெட்டர்ல எழுதுதேன்க்கா!"